உப்பு சர்க்கரைக்காக நிறுத்திய மாத்திரை

அன்று காலை அண்ணன் தலையைத் திருப்பவே இல்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். கழுத்துச் சுளுக்கு என்று நங்கை சொன்னார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் அழைப்போம். சுளுக்கு வந்தவர் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். இவர் கண்ணை அல்லவா மூடிக்கொண்டார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இமையை இறுக்கி மூடி, எதையோ விழுங்கிவிட்டு, பிறகு திறந்தார். இது சுளுக்கு இல்லை என்று எனக்குப் பட்டது.

அப்படிப் பட்டதற்குக் காரணம் உண்டு. பீளமேட்டில் ஒரு பார்மசி கல்லூரியில் நான் மருந்தியல் நடத்துகிறேன். கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு வெட்டும் என்று எந்த மாத்திரையை நிறுத்தியவர்கள் சொல்வார்கள் என்பதைத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்கிறவள் நான். அது இப்போது என் அண்ணன் முகத்தில் நடந்துகொண்டிருந்தது, அதுவும் மாப்பிள்ளை வீட்டார் வரப்போகும் நாளில்.

அண்ணனின் தோட்டம் காரமடையிலிருந்து மலையடிவாரம் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது. முழுக்கக் கறிவேப்பிலை, வரப்போரம் தென்னை, நடுவில் வீடு. அன்று அவர் மகளுக்கு உப்பு சர்க்கரை. இரண்டு வீட்டாரும் தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்து மாற்றிக்கொள்வார்கள். மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, அதன்பின் யாரும் பின்வாங்கக்கூடாது. மாப்பிள்ளை வீடு கருமத்தம்பட்டி, விசைத்தறிக்காரர்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் பீளமேட்டில் ஒரே ஐ.டி. அலுவலகம். பெண் என் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வந்தாள் என்பதால் சங்கதி எனக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும். பெரியவர்கள் இருபக்கமும் முறைத்து, முனகி, கடைசியில் சரி என்று சொல்லித்தான் இந்த நாள் குறித்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாதது ஒன்றுதான். பெண்ணின் அப்பா மாத்திரை சாப்பிடுகிறவர்.

அதற்குக் காரணம் ஒரு யானை. ஒரு விடியற்காலையில் மும்முனைக் கரண்ட் வந்ததும் அண்ணன் சொட்டுநீருக்கு மோட்டார் போடப் போயிருக்கிறார். பின்னால் படக்கென்று ஒரு சத்தம். தென்னைமட்டை விழுந்தது என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்திருக்கிறார். மட்டையானால் ஒருமுறை ஒடிந்து விழுவதோடு தீரும். மறுபடியும் படக்கென்று கேட்டதும் திரும்பினார், யானை நின்றது. மோட்டார் ரூமுக்குள் ஓடித் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டு மூட்டை இருந்தது; யானை வந்ததே அதற்காகத்தான். கதவை நெற்றியால் அழுத்தியது. சந்து வழியாகத் தும்பிக்கையை விட்டு மோப்பம் பிடித்தது. அண்ணன் மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, பொழுது நன்றாக விடியும்வரை அப்படியே இருந்திருக்கிறார்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதனால் ஊரே வந்து, சாமி காப்பாத்துச்சு என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனது. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. ஆனால் அண்ணனுக்குள் அந்தக் கதவு திறக்கவே இல்லை. தூக்கம் போயிற்று. தோட்டத்துக்குள் கால் வைக்க மறுத்தார். குக்கர் விசிலுக்கு நடுங்கினார். ஏதாவது படக்கென்று ஒடிந்தால், சுள்ளியோ அப்பளமோ, அடுத்த நிமிடம் அவர் அங்கே இருக்கமாட்டார், கட்டிலுக்கடியிலோ கதவுக்குப் பின்னாலோ இருப்பார். அதற்குப் பிறகு வெட்கம் வந்து, நாள் முழுக்க யாரோடும் பேசமாட்டார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு கையில் கிடந்தது, பயமும் கிடந்தது.

நான்தான் கோயமுத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அந்த அம்மாள் அவர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பயத்தைக் கிளப்பும் மூளைப்பகுதி எச்சரிக்கைச் சேதி அனுப்புவதை நிறுத்தவே இல்லை, யானை போன பிறகும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். மாத்திரை எழுதினார். கூடவே வாரம் ஒருமுறை உட்கார வைத்துப் பேசினார். ஒரே ஒரு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தம் கேட்டால் ஓடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் அது என்ன சத்தம் என்று கேளுங்கள், பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள். அவ்வளவுதான்.

அண்ணனுக்கு அது சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. "சத்தம் என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று மருத்துவரிடமே கேட்டார். தெரியும் என்பதுதான் அவருடைய நோய். எல்லாச் சத்தமும் அவருக்கு யானை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பின்னால்தான் அந்தக் கேள்வி அவர் வாயில் வந்தது. ஒரு நாள் சமையலறையில் ஏதோ விழ, அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அது என்ன சத்தம்?" என்று கேட்டிருக்கிறார். "தட்டமுங்க" என்றிருக்கிறார் நங்கை. எனக்குப் போன் செய்து அதைச் சொல்லி நங்கை அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அறுப்பு, லோடு, சண்டை, சச்சரவு எல்லாம் பழையபடி ஆரம்பித்தன. மோட்டார் போடக்கூட அவரே போனார்.

அந்த மனிதர்தான் இன்று கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நிற்கிறார். பந்தலில் ஆட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவரை உர மூட்டைகள் அடுக்கிய அறைக்கு இழுத்துப்போனேன்.

"அண்ணா, மாத்திரை சாப்டறீங்களா இல்லீங்களா?"

"இன்னிக்கு நாள்ல இந்தப் பேச்சு எதுக்கு அம்மணி?"

"சாப்டறீங்களா?"

"நிறுத்திப்போட்டேன்."

"எப்பங்க?"

"நாள் குறிச்சாங்கல்ல, அப்ப இருந்து." குரலைத் தாழ்த்தினார். "அறுப்புக்கு முன்னால மருந்தடிக்கறதை நிறுத்தறமல்ல? எலைல நிக்கக்கூடாதல்ல? அது மாதிரிதான். இன்னிக்கு நாலு பெரியவங்க முன்னால உக்காந்து வாக்குக் குடுக்கோணும். என்ற வாய்ல நாந்தான் பேசோணும். மாத்திரை உள்ள இருந்து பேசக்கூடாது."

கறிவேப்பிலைக்காரருக்கு இது வேதம். பூச்சிக்கு அடித்துவிட்டு உடனே அறுக்க முடியாது. இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பொறுக்காமல் அறுத்தால் இலையில் நஞ்சு தங்கி, வாங்குகிற இடத்தில் சோதித்துப் பார்த்து லோடையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு ஒருமுறை அப்படி ஒரு லோடு திரும்பி வந்தது. வாடிப்போன இலையை வண்டியிலிருந்து தோட்டத்து மூலையில் தள்ளும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார்கள். அவமானம் என்றால் அவருக்கு அதுதான். மகளின் உப்பு சர்க்கரையை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்திருக்கிறார். சோதிக்க வருகிறார்கள், உடம்பில் ஒன்றும் தங்கியிருக்கக் கூடாது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. உடம்பு இலை இல்லை என்று கத்தத் தோன்றியது. ஒரு நரம்பு செல் செரட்டோனினைச் சிந்தும், எதிரில் இருக்கிற செல் அதை வாங்கிச் சேதி தெரிந்துகொள்ளும், மிச்சத்தைச் சிந்திய செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. இடைவெளியில் செரட்டோனின் கூடுகிறது. அந்தப் புது அளவுக்கு செல்கள் தங்களை மாற்றிக்கொண்டு பழக வாரக்கணக்காகும். பழகிய பின் திடீரென்று நிறுத்தினால், மாத்திரை சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். செல்கள் அவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது ஆள்தான். தலைசுற்றும், மண்டைக்குள் வெட்டும், எரிச்சல் வரும். எதற்காகச் சாப்பிட ஆரம்பித்தாரோ அந்தப் பயமும் திரும்ப வந்து உட்காரலாம். நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இதில் ஒரு வரிகூட நான் சொல்லவில்லை. வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணனின் தோள் விலுக்கென்று தூக்கிப்போட்டது.

"மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வந்துட்டாங்க" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் கழிஞ்சுதுன்னாப் போதும். பொழுதோட முழுங்கிக்கறேன். நீ வாயத் தொறக்காதே, கண்ணு." என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை தொப்பலாக நனைந்திருந்தது.

உப்பு சர்க்கரையையே நிறுத்தியிருக்கலாம்தான். எப்படி நிறுத்துவது? அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நங்கையிடம் சொன்னால் மயங்கி விழுவார். பெண் பட்டுச்சேலையில் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அண்ணனை நேருக்கு நேர் பார்க்கும்படியான நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். இந்தத் தட்டு மாறிவிடட்டும், அதுவரை எதுவும் ஒடியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா அண்ணனுக்கு அடுத்த நாற்காலியில். வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்தவர் என்பதால் சாதாரணப் பேச்சே அவருக்கு முழக்கம்தான். "ஏனுங்க, எலை இப்ப என்ன வெலை போகுதுங்க?" என்று அவர் விசாரித்தது மலையில் எதிரொலித்திருக்கும். அண்ணன் ஒவ்வொரு கேள்விக்கும் இமையை மூடித் திறந்து பதில் சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார். கழுத்து வழியாக வேர்வை சட்டைக்குள் இறங்கியது. பெரியவர் ஒருவர் தட்டை முன்னால் நகர்த்தி வைத்தார். உப்பு ஒரு தட்டில், சர்க்கரை ஒரு தட்டில். பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

படக்.

அதன் பின்னால் தொப்பென்று ஒரு விழுகை. வரப்போரத் தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று. தோட்டத்தில் நாளெல்லாம் விழுவதுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்துவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தியின் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு ஓடினார். தட்டு கவிழ்ந்தது. சம்பந்தி வேட்டி தடுக்கத் தடுக்கப் பின்னால் போனார். மோட்டார் ரூமுக்குள் அவரைத் தள்ளி, தானும் நுழைந்து, தகரக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து முழக்கம் வந்தது. "என்னங்க ஆச்சு? என்னங்க இது?"

"பேசாதீங்க! மூச்சு உடாதீங்க!" அது அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன குரல்.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் கதவை ஓங்கித் தட்டினார். இன்னொருவர், "ஒடைங்கடா" என்றார். கதவை வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே இருப்பவருக்கு அது எதுவாக இருக்கும் என்பது இவர்களுக்கு எங்கே தெரியும்? நான் குறுக்கே போய் நின்றேன். "எவனாச்சும் கதவுல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற!" என்று கத்தினேன். வந்த விருந்தாளிகளை எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்கு அதைப்பற்றி வருத்தமும் இல்லை.

கதவருகே வாயை வைத்துக் கூப்பிட்டேன். "அண்ணா, நாந்தானுங்க. அது என்ன சத்தம்னு கேளுங்க."

குரலைத் தாழ்த்தி மறுபடி சொன்னேன்.

"எங்கிட்டக் கேளுங்கண்ணா. அது என்ன சத்தம்?"

"எனக்குத் தெரியும்!" அவர் குரல் உடைந்தது. "நீ எதுக்கு அங்க நிக்கறே? ஊட்டுக்குள்ள ஓடு அம்மணி! புள்ளயக் கூட்டீட்டு உள்ள ஓடு!"

அவரைப் பொறுத்தவரை நான் யானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மட்டைதான் என்று நான் சொன்னால் நம்புகிற நிலையில் அவர் இல்லை. முதன்முதலில் அவரும் மட்டை என்றுதானே நினைத்தார்.

அப்போதுதான் பெண்ணைக் கவனித்தேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பை நோக்கி நடந்தாள். விழுந்து கிடந்த மட்டையின் அடியைப் பிடித்து, வாசல் முழுக்க இழுத்துக்கொண்டு வந்தாள். காய்ந்த ஓலை மண்ணில் இழுபடும் சத்தம் தென்னந்தோப்பில் வளர்ந்த யாருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். மோட்டார் ரூம் கதவுவரை வந்தாள். திரும்பவும் அந்தப்பக்கம் இழுத்துப்போனாள். மறுபடி கதவுவரை கொண்டுவந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. வந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

நாலைந்து நடை இழுத்தாள். பிறகு உள்ளேயிருந்து மெல்ல, "மட்டையா?" என்றது அண்ணன் குரல்.

"மட்டைங்கப்பா" என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது.

சம்பந்திதான் முதலில் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தான் பிய்ந்து, தோளில் மோட்டார் கிரீஸ். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "அவருக்குத் தண்ணி குடுங்க மொதல்ல" என்றார். அண்ணன் தலைகுனிந்து வந்து நின்றார். தண்ணீரை வாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"நான் மாத்திரை சாப்டறவனுங்க. யானை வந்த பொறகு தலை நெலையில்லாமப் போச்சு. மாத்திரைல நல்லாத்தான் இருந்தனுங்க. இன்னிக்கு உங்க முன்னால சுத்தமா உக்காரோணும்னு நானா நிறுத்திப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க. புள்ள மேல ஒண்ணுமில்லீங்க."

யாரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கமும் இல்லை. காப்பி குடித்தார்கள். போய்வருகிறோம் என்று கும்பிட்டார்கள். "சொல்லி அனுப்பறோமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாட்டோம் என்பதை இவ்வளவு மரியாதையாக எங்கள் ஆட்களால்தான் சொல்ல முடியும். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். மாப்பிள்ளைப் பையன் காரில் ஏறும்வரை பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், ஆனால் ஏறிவிட்டான்.

கவிழ்ந்த உப்பையும் சர்க்கரையையும் நங்கை கூட்டி அள்ளினார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே, "லோடு திரும்பிருச்சு அம்மணி" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "புள்ள ஒண்ணும் லோடு இல்லீங்கண்ணா" என்றேன். மேலே பேச முடியாமல் வெளியே போய் மருத்துவருக்குப் போன் செய்தேன்.

இன்றே திரும்ப ஆரம்பியுங்கள், பழைய அளவில் வேண்டாம், குறைந்த அளவில் தொடங்கி ஏற்றிக்கொள்ளலாம், தனியாக விடாதீர்கள், நாளைக்கே அழைத்து வாருங்கள் என்றார். நான் கல்லூரிக்கு லீவு போட்டுத் தோட்டத்திலேயே தங்கினேன்.

அந்த வாரங்களை நான் திரும்ப வாழ விரும்பவில்லை. மண்டைக்குள் வெட்டுவது சீக்கிரம் நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை. அண்ணன் முன்னறைச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நாங்கள் அடுப்பில் கரண்டியைக்கூட மெல்லத்தான் வைத்தோம். நங்கை மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பூச்சிமருந்து வைத்திருந்த அறைக்கும் நான் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் அந்தப் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா மாத்திரை இது? பூச்சிக்கு அடிச்சா மக்யா நாளே செத்துக் கெடக்குது. இதைய முழுங்கி முழுங்கி வயிறுதான் பொரட்டுது."

"இது பூச்சிக்கு அடிக்கறது இல்லீங்கண்ணா. எதையும் கொல்றதுக்கில்லை. தொழுவுரம் போட்டா எப்படிங்க? போட்ட அன்னிக்கே எலை பச்சையாகுதுங்களா?"

யோசித்தார். "ஆகாது."

"அப்புறம் எதுக்கு அறுப்புக் கணக்கை இதுல கொண்டுவந்து போட்டீங்க?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு லேசாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. செரட்டோனின் பற்றிக் கல்லூரியில் நான் வருடாவருடம் நடத்துவதைவிட இது நல்ல பாடமாகவே அமைந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெண் இப்போது தோட்டத்திலிருந்தே வேலைக்குப் போய்வந்தாள். அலுவலகத்தில் பையனைப் பார்க்கிறாள், பேசுகிறாள், வீட்டுக்கு வந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவளுக்கு அப்பா மேல் கோபம் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "இருக்குதுங்க அத்தை" என்றாள். "எங்கிட்டச் சொல்லாம நிறுத்துனாருல்ல, அதுக்கு."

கருமத்தம்பட்டியிலிருந்து ஒருவழியாகப் போன் வந்தது, அண்ணனுக்கு அல்ல, எனக்கு. மாப்பிள்ளையின் அம்மா.

"ஏனுங்க, நீங்க காலேசுல மருந்துப் பாடம் எடுக்கறீங்களாமா. ஒண்ணு கேக்கோணும். இது பரம்பரையா வருமுங்களா?"

எனக்குக் கோபம் ஏறியது. "யானை பரம்பரையா வராதுங்க" என்றேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான் என்று அப்போதுதான் உறைத்தது. என் மகனுக்குப் பெண் எடுத்தால் நானும் கேட்பேன். ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும். வராது, நிச்சயமாக வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லலாம். என்னைவிட யார் சொன்னால் அவர்கள் நம்புவார்கள்?

"இல்லீங்க, நெசத்தைச் சொல்றேன்" என்றேன். "சில பேரு ஒடம்பு சீக்கிரம் பயந்துக்கும், சில பேருது பயந்துக்காது. அதுல கொஞ்சம் பொறப்புல வர்றதும் உண்டுங்க. எங்க குடும்பத்துல வேற யாருக்கும் நான் பாத்ததில்லை. நாளைக்கு வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. உங்க குடும்பத்துக்கும் யாராலயும் பண்ண முடியாதுங்க. வந்தா வைத்தியம் இருக்குது. எங்கண்ணனுக்கு அது வேலை செஞ்சுது. வேலை செஞ்சதாலதான் இனி வேண்டாம்னு நெனச்சுட்டாரு."

"யோசிச்சுச் சொல்றமுங்க" என்று வைத்துவிட்டார். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அண்ணனிடம் இந்தப் போனைப்பற்றி மூச்சு விடவில்லை.

சில நாள் கழித்துச் சம்பந்தியே அண்ணனைக் கூப்பிட்டார். அவர் பேசியதைப் பக்கத்து அறையிலிருந்த நானும் கேட்டேன், போனை ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை. "எங்க ஊட்டுல நெறையப் பேச்சாச்சுங்க. ஒண்ணு மட்டும் நான் சொன்னனுங்க. அந்த மனுசன் யானை வருதுன்னு நெனச்சப்ப, தான் மட்டும் ஓடலியே. என்னையுமல்ல இழுத்துட்டு ஓடுனாரு. நாளு பாருங்க. அதே எடத்துல வெச்சுக்கலாம்."

அதே இடத்தில் என்றதும் நங்கைக்கு வெலவெலத்துவிட்டது. மரமேறும் ஆளைக் கூட்டிவந்து, வீட்டைச் சுற்றி இருந்த தென்னையிலெல்லாம் காய்ந்த மட்டை, பாளை, காய் ஒன்று விடாமல் இறக்கச் செய்தார். மண்டபத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் கேட்கவில்லை. மாத்திரையை மட்டும் எங்கள் கண் முன்னால் போட்டுத் தண்ணீர் குடித்தார், அன்று காலையிலும்.

மறுபடி பந்தல். மறுபடி அதே நாற்காலிகள். அண்ணன் தலையைத் திருப்பிப் பேசினார். அதையே நான் பத்துத் தடவை பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆனாலும் முகம் வெளிறித்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணெல்லாம் அவர் மேல், எங்கள் கண்ணெல்லாம் மரத்தின் மேல். பெண் வந்து உட்கார்ந்தாள். பெரியவர் தட்டுகளை எடுத்து இருவர் கையிலும் கொடுத்தார். அண்ணன் கையில் உப்பு.

படக்.

பந்தலுக்குப் பின்னால், சாப்பாட்டுப் பக்கம். என் உடம்பே தூக்கிப்போட்டது. அண்ணன் கையில் தட்டு ஆட ஆரம்பித்தது. உப்பு ஓரத்தில் சிந்தியது. அவர் கால்கள் இரண்டும் தரையில் ஊன்றி எழத் தயாரானதை நான் பார்த்தேன். எழவில்லை. பக்கத்தில் திரும்பினார்.

"அது என்ன சத்தமுங்க?" என்று சம்பந்தியைக் கேட்டார்.

தறிக்காரக் காது. "சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார் அவர்.

அந்தப் பதிலைவிடக் கொடுமையான பதில் இருக்க முடியாது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் வாயெடுப்பதற்குள் பெண் எழுந்து, பந்தலின் பின்துணியை விலக்கிப் பார்த்தாள்.

"சேருதானுங்கப்பா" என்றாள். "பிளாஸ்டிக் சேரு கால் ஒடஞ்சுபோச்சு. உக்காந்தவரு கீழ கெடக்கறாரு."

அண்ணன் அவளையே பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"அடி கிடி பட்டுருச்சான்னு பாரு கண்ணு" என்றார். பிறகு ஆடுகிற கையாலேயே உப்புத் தட்டைச் சம்பந்தியிடம் நீட்டினார்.